மச்சான் இல்லாதவரின் மச்சான்

அத்தியாயம் ஒன்பது

யாழ்ப்பாணக் குடாநாட்டின் சரித்திரத்திலே, ஏன், ஆங்கிலம் என்ற பாஷை புழங்குகின்ற சகல தேசங்களின் சரித்திரத்திலேயும், கறுப்புக் கட்டம் போட்டுக் குறிக்கப்பட வேண்டிய ஒரு சனிக்கிழமை உதயமாகிவிட்டது என்பதை வாசகப் பெருமக்கள் எழுந்து நின்று அறிந்துகொள்வார்களாக. ஓய்வுபெற்ற அதிபரும், சமாதான நீதவானும், 'ஆங்கில வாக்கிய வித்தகர்' என்ற பட்டத்தைத் தமக்குத் தாமே வழங்கித் தயங்கித் தயங்கி ஏற்றுக்கொண்டவருமான தியாகராசா அவர்கள், அறுபது நாட்கள் அல்லும் பகலும் பாடுபட்டு எழுதிய நூலின் மூலப்பிரதி, வெளியீட்டு விழாவுக்கு ஒரே ஒரு நாள் இருக்கையில், கொக்குவிலில் அவரது சொந்த அலுமாரியில் இருந்து களவாடப்பட்டுவிட்டது.

களவுபோனது ஓர் எண்பது பக்கக் கொப்பி.

ஆங்கிலத்தில் செய்வினை வாக்கியத்தைச் செயப்பாட்டுவினையாகப் புரட்டிப்போடுவது எப்படி என்று அதில் எழுதியிருந்ததாம். பூனை எலியைப் பிடித்தது. எலி பூனையால் பிடிக்கப்பட்டது. எப்படிப் புரட்டினாலும் எலிக்கு நடந்தது ஒன்றுதான்.

"அண்ணை, தேத்தண்ணி வழியுது," என்றாள் பெர்னடெட்.

தியாகராசா வீட்டு முன்னறையில் இருந்த செல்வத்துரை நாடியைத் துடைத்துக்கொண்டார். அன்று காலை ஒன்பது மணிக்குத்தான் அவருக்கு இடப்பக்கக் கடைவாய்ப் பல் பிடுங்கப்பட்டிருந்தது. ஊசியின் விறைப்பு இன்னும் போகவில்லை. பாதி முகம் வேறு யாருடையதோ போல இருந்தது. உண்மையில் அவருக்கு அது பெரிய வித்தியாசமாகத் தெரியவில்லை. இருபத்திரண்டு வருடங்களாகத் துப்பறிகிறார். துப்பறிவது என்றால், கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் வரும் கலியாணப் பேச்சுகளுக்கு மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணின் தாய்மாமன் எந்தப் பகுதி என்று விசாரித்து எழுதுவது. அதில் பார்க்கவேண்டியதையெல்லாம் பார்த்து முடித்த பிறகு மனுசனுக்கு மிஞ்சுவது ஒரு விறைப்புத்தான்.

அவருடைய ஆயுதம் துப்பாக்கி அல்ல, கல்வெட்டு. சைவ வீடுகளில் செத்தவரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கிற நினைவு மலர். முதல் எட்டுப் பக்கத்தில் யார் யாருக்குப் பிள்ளை, யார் யாரைக் கட்டினார் என்று முழு வம்சமும் கிடக்கும். மெதடிஸ்தக் குடும்பத்தில் பிறந்த செல்வத்துரையின் வீட்டில் வேதாகமம் இரண்டு, கல்வெட்டு அறுநூறு.

பெர்னடெட் அவருடைய உதவியாளர். பாசையூர்க்காரி, நாற்பத்திரண்டு வயது, சொந்தமாக ஓட்டோ ஓடுகிறாள். வாயும் சொந்தமாகத்தான் ஓடும்.

"கள்ளி ஆரெண்டு எனக்குத் தெரியும், செல்வத்துரை," என்றார் தியாகராசா. வெயில் கொளுத்திய அந்த வேளையிலும் சால்வையால் போர்த்து, இரண்டு கையையும் அதற்குள்ளே வைத்திருந்தார். "நீர் விசாரிச்சு ஒரு அறிக்கை தந்தால் காணும். டைப் பண்ணித் தாரும்."

"ஆர் சேர்?"

"உதயகலா. எனக்குத் தட்டச்சு செய்தவள். கொப்பி கடைசியா அவளின்ரை கையிலைதான் இருந்தது. நாளைக்கு அதை வெள்ளித் தட்டிலை வைச்சு, நாதஸ்வரத்தோடை ஊர்வலமாக் கொண்டந்து, உந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளை வைக்கிறதெண்டு அழைப்பிதழிலை அடிச்சாச்சு. ஆய்வுரைக்கு வாற விரிவுரையாளர் அபிகாயில், புதன்கிழமை போன் எடுத்து, நானும் அந்தக் கையெழுத்துப் பிரதியைப் பாக்கோணும் எண்டவ. இண்டைக்கு விடியப் பாத்தால் கொப்பி இல்லை."

"செய்வினை எண்டால் கழிப்புக் கழிக்கலாமே சேர்?" என்றாள் பெர்னடெட்.

"அந்தப் பகிடி இந்த வீட்டிலை ஏழாவது தரம்," என்று தியாகராசாவின் மனைவி மீனாம்பிகை பெருமூச்சுடன் சொல்லிக்கொண்டு கணவனுக்கும் தேநீர் கொண்டுவந்து வைத்தார். விருந்தாளிகளின் கோப்பைகள் விளிம்புவரை நிறைந்திருந்தன. அவருடையது பாதிதான் இருந்தது. அதையும் அவர் தொடவில்லை.

சுவரோரம் அச்சடித்து வந்த நூல்கள் ஐந்நூறு அடுக்கியிருந்தன. செல்வத்துரை ஒன்றை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

கொக்குவிலுக்குப் பக்கத்துத் திருநெல்வேலியில், பலாலி வீதியோரத்துக் கொமினிகேஷன் கடை ஒன்றின் உள்ளறையில் உதயகலா யாரோ ஒருவருடைய மரண அறிவித்தலைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். களவு என்றதும் அவள் கை நிற்கவில்லை. வரியை முடித்துவிட்டுத்தான் திரும்பினாள்.

"கொப்பியோ? நான் கண்டதேயில்லை, ஐயா. சேர் மேசையிலை பேப்பரை விரிச்சு வைச்சு, அதைக் குனிஞ்சு பாத்துக்கொண்டு சொல்லச் சொல்ல நான் அடிப்பன். எல்லாம் மனப்பாடமாக்கும் எண்டு நினைச்சன்."

"எந்தப் பேப்பர்?"

"தெரியாது. அறுபது நாளும் ஒரே பேப்பர். முன்பக்கத்திலை ஒரே மந்திரி ஒரே பாலத்தைத் திறந்துகொண்டு நிண்டார்."

பெர்னடெட் செல்வத்துரையைப் பார்த்தாள். செல்வத்துரை சுவரைப் பார்த்தார்.

"திங்கட்கிழமை உனக்கு ஆசிரியர் நியமனத்துக்கு நேர்முகத் தேர்வாம், பிள்ளை?"

"ஓம்." அவள் மேசைக்கு அடியில் இருந்து ஒரு சான்றிதழ்க் கோப்பை எடுத்தாள். ஒவ்வொரு தாளும் ஒவ்வொரு பிளாஸ்ரிக் உறைக்குள். பிறப்புச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ், கிராம அலுவலர் கடிதம். நடுவில் ஓர் உறை வெறுமையாக இருந்தது. "பதினொரு வருசம் தொண்டர் ஆசிரியராப் படிப்பிச்சனான். அதிலை எட்டு வருசம் சேரின்ரை பள்ளிக்கூடம். அந்த எட்டையும் அவர்தான் உறுதிப்படுத்தோணும். கடிதத்தை நானே அடிச்சுக் குடுத்தன். கையெழுத்து மட்டும்தான். நாளைக்கு, நாளைக்கு எண்டு மூண்டு மாசம். இப்ப கள்ளி எண்டுறார்."

"அடுத்த முறை போகேலாதோ?"

"இந்த மாசம் பதினெட்டாம் திகதி எனக்கு நாற்பது முடியுது, ஐயா. முடிஞ்சால் எடுக்கமாட்டினம்."

பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள்.

"அழுதனியோ, பிள்ளை?" என்று கேட்டாள் பெர்னடெட்.

"அழுதால் கையெழுத்து வைப்பாரோ, அக்கா?" என்றுவிட்டு அவள் மறுபடியும் மரண அறிவித்தலுக்குத் திரும்பினாள்.

ஓட்டோ வெயிலில் நின்றது. செல்வத்துரை பின்னால் இருந்து நூலை விரித்தார். எடுத்துக்காட்டு வாக்கியங்கள் ஆங்கிலத்தில் வரிசையாக நின்றன. தமிழில் மாற்றி வாசித்துக்காட்டினார்.

"பாண் மூன்று ரூபாய்க்கு விற்கப்படுகிறது."

"எந்தக் கடை? சொல்லுங்கோ, இப்பவே திருப்பிறன்."

"பகிடி விடாதை. மூண்டு ரூபாய்ப் பாண் எப்பத்தைய கதை? இவர் போன மாசம் எழுதினவராம்." பக்கத்தைப் புரட்டினார். "நாலாம் பாடம். என் சைக்கிள் சுன்னாகத்து மச்சான் அருளம்பலத்தால் இரவல் வாங்கப்பட்டது. ஒன்பதாம் பாடம். சைக்கிள் அடுத்த வாரம் திருப்பித் தரப்படும் என்று அருளம்பலத்தால் சொல்லப்படுகிறது. பதினாலாம் பாடம். சைக்கிள் எப்போதோ திருப்பித் தரப்பட்டிருக்க வேண்டும்."

"இருபதாம் பாடத்திலை அடிபாடோ?"

"இல்லை. இருபதாம் பாடத்திலையும் இன்னும் தரப்படேல்லை." செல்வத்துரை நூலை மூடினார். விறைத்த கன்னத்தை விரலால் ஒருதரம் தட்டினார். "தங்கச்சி, தியாகராசாவுக்கு மச்சான் இல்லை."

"என்ன?"

"மகனுக்கு ரொறன்ரோவிலை பேசேக்கை அந்த விசாரணையை நான்தான் செய்தனான். தியாகராசாவுக்கு அக்கா தங்கச்சி ஒருத்தரும் இல்லை. மீனாம்பிகை தனிப்பிள்ளை. மாமன், மாமி வழியிலையும் ஆம்பிளைப் பிள்ளையள் இல்லை. எட்டுப் பக்கம் எழுதினனான். யாழ்ப்பாணத்திலை மூக்கில்லாமல் ஒருத்தன் பிறக்கலாம். மச்சான் இல்லாமல் இருக்கிறது அருமை. அதாலைதான் ஞாபகம் இருக்குது."

"அப்ப உந்தச் சைக்கிள் ஆற்றை?"

"அதை அருளம்பலத்திட்டைத்தான் கேக்கோணும். சுன்னாகத்துக்கு விடு."

சுன்னாகம் சந்தையில் அருளம்பலம் என்று விசாரித்தால் எந்த அருளம்பலம் என்று கேட்டார்கள். வாழைக்குலை அருளம்பலம், பல்லு அருளம்பலம், செத்துப்போன அருளம்பலம் என்று மூன்று பேர் இருந்தார்கள். செல்வத்துரை யோசித்துக்கொண்டு நிற்க, பெர்னடெட் வாயைத் திறந்தாள்.

"இரவல் வாங்கின சைக்கிளைத் திருப்பிக் குடாத அருளம்பலம்!"

ஆறு வெங்காயக்காரர்களின் கை ஒரே திசையில் நீண்டது.

எண்பத்துமூன்று வயதுக் கிழவர். வெங்காயப் பிடிகளுக்கு நடுவே சாக்கின் மேல் இருந்து வெங்காயத் தாள் நறுக்கிக்கொண்டிருந்தார். பின்னால் தூணில் ஒரு பச்சைச் சைக்கிள் சாய்ந்திருந்தது. இரண்டு மட்காட்டும் பளபளத்தன.

"குடுக்கத்தான் இருந்தனான், தம்பி," என்றார், கேட்கும் முன்னமே. "அதுக்கிடையிலை அத்தான் போயிட்டார். எண்பத்தேழாம் ஆண்டிலை. அக்கான்ரை புருசன். நடராசா மாஸ்டர், இங்கிலீஷ் வாத்தியார். ரியூசனுக்குப் போன வழியிலை ஷெல் விழுந்தது."

"ஆர் அடிச்சது?"

"ஆருக்குத் தெரியும்? உந்தக் கேள்வியை அந்த நேரம் ஒருத்தரும் கேக்கிறேல்லை. விழுந்தது எண்டுதான் சொல்லுறது." கத்தி நிற்காமல் ஓடியது. "என்னிட்டைச் சைக்கிள் இருந்தபடியால் அவர் நடந்து போனவர்."

பெர்னடெட்டுக்கு ஒரு பகிடியும் வரவில்லை. செல்வத்துரை நூலை நீட்டி, நாலாம் பாடத்தைக் காட்டினார். கிழவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டி, எழுத்துக்கூட்டி வாசித்து, முப்பத்தெட்டு வருடங்களுக்குப் பிறகு மறுபடி குற்றம் சாட்டப்பட்டவராக நிமிர்ந்தார்.

"இது அத்தான்ரை கல்வெட்டிலை கிடக்குதே! பின்பக்கத்திலை தேவாரம் போடுறதுதான் வழமை, அவருக்கு அது ஒண்டும் தெரியாது, அவருக்கு வந்ததையே அடியுங்கோ எண்டு அக்கா நிண்டா. அவர் வகுப்பிலை குடுத்த பாடம் எல்லாத்தையும் பின்பக்கத்திலை போட்டது. முன்னூறு அடிச்சம். சனம் அங்கையும் என்னை நக்கலடிக்கும் எண்டு பயந்துகொண்டு திரிஞ்சன். ஒரு குஞ்சும் ஒண்டும் கேக்கேல்லை. பிறகுதான் விளங்கிச்சு. கல்வெட்டை ஆர் தம்பி பின்பக்கம் வரைக்கும் வாசிக்கிறது?"

வீட்டுக்குப் போய்ச் சாமிப்படத்துக்குப் பின்னால் இருந்து எடுத்துவந்தார். அட்டையில் நடராசா மாஸ்டர் கழுத்துப்பட்டியுடன் இருந்தார். முதல் எட்டுப் பக்கம் வம்சம். ஒன்பதாம் பக்கத்தில் இருந்து பூனை, எலி, மூன்று ரூபாய்ப் பாண், சைக்கிள். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: தொகுத்தவர், அன்னாரின் அன்பு மாணவன் தியாகராசா.

"அண்ணை, உங்கடை பெட்டிக்குள்ளை உது இல்லையோ?"

"இருக்குது," என்றார் செல்வத்துரை. "பதினைஞ்சு வருசமா இருக்குது. எட்டாம் பக்கம் வரைக்கும்தான் வாசிச்சிருக்கிறன்."

மூன்று மணிக்குக் கொக்குவில் வீட்டில் அந்தக் கல்வெட்டு மேசையின் நடுவில் வைக்கப்பட்டது. தியாகராசா அதைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். பிறகு, முப்பது வருடம் பரிசளிப்பு விழாக்களில் பேசிய குரல் வந்தது.

"மகத்தான சிந்தனையள் இரண்டு மூளையிலை ஒரே மாதிரி உதிக்கும், செல்வத்துரை. உலக சரித்திரத்திலை..."

"மச்சானும் உதிப்பானோ, சேர்?" என்றாள் பெர்னடெட்.

சரித்திரம் அந்த இடத்தில் நின்றது.

"கொப்பி களவு போகேல்லை, சேர்," என்றார் செல்வத்துரை. பாதி வாயால் சொன்னதால் வசனம் கொஞ்சம் வழிந்தது. "கொப்பியே இருக்கேல்லை. பழைய பேப்பருக்குள்ளை உந்தக் கல்வெட்டை ஒளிச்சு வைச்சு வாசிச்சனீங்கள், அந்தப் பிள்ளை அடிச்சது. மூலப்பிரதி ஊர்வலம் எண்டு பெருமைக்கு அழைப்பிதழிலை போட்டாச்சு. அபிகாயில் கேட்டவுடனை கொப்பிக்கு எங்கை போறது? களவு குடுக்கிறதுதான் சுகம்."

"அது சரி," பெர்னடெட் விடவில்லை, "ஒரு புதுக் கொப்பி வாங்கி, புத்தகத்தைப் பாத்து எழுதியிருந்தால் முடிஞ்சுதே! அதுக்கேன் ஒரு பொம்பிளைப் பிள்ளையைக் கள்ளியாக்குவான்?"

செல்வத்துரை காலையில் இருந்த இடத்தில் இன்னும் இருந்த அந்தப் பாதிக் கோப்பையைப் பார்த்தார். ஆறிப்போயிருந்தது.

"சேர், சால்வையை எடுங்கோ."

தியாகராசா எடுக்கவில்லை. மீனாம்பிகைதான் வந்து எடுத்தார். மடியில் இரண்டு கைகளும் கிடந்தன. வலது கை தன்பாட்டில், யாரும் கேட்காமலே, எதையோ எழுதுவதுபோல ஆடிக்கொண்டிருந்தது.

"ஒண்டரை வருசமா," என்றார் மீனாம்பிகை. "கோப்பையை நிரப்பினால் மேலிலை ஊத்துப்படும். ஒரு வரி எழுதேலாது. ஊர் அறியக்கூடாதாம். அந்தப் பிள்ளை கடிதத்தோடை வாற நேரமெல்லாம் நாளைக்கு வா, நாளைக்கு வா எண்டு."

"அதிபரின்ரை கை நடுங்குது எண்டு சனம் கதைக்கிறதோ?" என்றார் தியாகராசா. இப்போது அந்தக் குரலில் பரிசளிப்பு விழா இல்லை.

கொப்பி இல்லாததற்கும் கையெழுத்து இல்லாததற்கும் காரணம் ஒன்றே. அவளைக் கள்ளி என்று சொன்னதில் இரண்டும் மூடப்பட்டன. கெட்டிக்காரத்தனம்தான். தமக்குக் கோபம் வரவேண்டும் என்று செல்வத்துரை நினைத்தார். அல்லது பாவம் என்றாவது தோன்றவேண்டும். காத்திருந்து பார்த்தார். ஒன்றும் வரவில்லை. கடைவாயில் மட்டும் மெல்ல நோவு தொடங்கியது.

"கடிதம், சேர்," என்றார். "நான் இந்தக் கல்வெட்டைக் கொண்டு போய் அருளம்பலத்தாரிட்டைக் குடுத்திடுவன். ஊர் கதைக்கிறதுக்கு நான் ஒண்டும் சொல்லன். நாளைக்கு மேடையிலை நடராசா மாஸ்டரின்ரை பேரை நீங்கள் சொல்லோணும். இப்ப கடிதம்."

உதயகலா சைக்கிளில் வந்தாள். கேற்றுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, தட்டச்சு செய்த கடிதத்தை மேசையில் வைத்து, நாலு மூலையையும் நீவினாள். மீனாம்பிகை கணவனின் முழங்கையைத் தாங்கிப் பிடித்தார். கையெழுத்து வைக்க நாலு நிமிடம் எடுத்தது. இடையில் ஒருதரம் பேனை விழுந்தது. உதயகலா குனிந்து எடுத்து, துடைத்து, அவருடைய விரல்களுக்கு நடுவே திரும்ப வைத்தாள். அந்த நாலு நிமிடமும் ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை.

முடிந்ததும் அது கையெழுத்துப் போல இல்லை. கறையான் தடம் போல இருந்தது.

"காணும், சேர்," என்றாள் உதயகலா. கடிதத்தை வெறும் உறைக்குள் செருகினாள். அவள் சிரிப்பாள் என்று பெர்னடெட் வாசல்வரை போய்ப் பார்த்தாள். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

"அப்ப மாஸ்டரின்ரை பேர், சேர்?" என்றார் செல்வத்துரை.

"சொல்லப்படும்," என்றார் தியாகராசா.

ஞாயிறு விழா வெகு விமரிசையாக நடந்தது. மூலப்பிரதி 'கண்டெடுக்கப்பட்டதாக' அறிவிக்கப்பட்டது. எங்கே, யார் கண்டெடுத்தார் என்று யாரும் கேட்கவில்லை. மஞ்சள் பட்டில் சுற்றிய ஒன்று, வெள்ளித் தட்டில், நாதஸ்வரத்துடன் வந்து கண்ணாடிப் பெட்டிக்குள் அமர்ந்து மாலை வாங்கிக்கொண்டது. பட்டுக்குள் இருந்தது பெர்னடெட்டின் ஓட்டோவோடு வந்த பராமரிப்புக் கைநூல். மீனாம்பிகை வந்து ஏதாவது ஒரு புத்தகம் கேட்டபோது அவள் கைக்கு எட்டியது அதுதான்.

அபிகாயில் பெட்டிக்கு முன்னால் நின்று பட்டைப் பார்த்தார். அவிழ்க்கச் சொல்ல வாயெடுத்தவரின் தோளில் யாரோ பொன்னாடையைப் போர்த்துவிட்டார்கள். இந்நூலின் எடுத்துக்காட்டுகளில் ஒரு வாழ்ந்த மனிதனின் வாசனை அடிக்கிறது என்று ஆய்வுரையில் சொன்னார். கைதட்டப்பட்டது. ஏற்புரை ஐம்பது நிமிடம். "என்னால் நன்றி கூறப்படவேண்டியவர்கள் பலர்" என்று தியாகராசா அதை முடித்தார். கைகள் சால்வைக்குள் இருந்தன.

வாசல் வாழை மரத்தில் பச்சைச் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்து, கடைசி வரிசையில் இருந்து அந்தப் பெயருக்காகக் காதைக் கூர்மையாக்கி வைத்திருந்த அருளம்பலம், எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

"திருப்பிக் குடாததிலை நான் மட்டும்தான் பேர் கெட்டுப்போனன், தம்பி," என்று செல்வத்துரையிடம் சொல்லிவிட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். ஏறவில்லை.

"இவ்வளவும் எதுக்கண்ணை?" என்று கேட்டாள் பெர்னடெட்.

"கடிதத்துக்கு," என்றார் செல்வத்துரை. "அது கிடைச்சிட்டுது."

திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு உதயகலாவைக் கோப்புடன் ஏற்றிக்கொண்டு ஓட்டோ புறப்பட்டது. செல்வத்துரையும் முன்னால், பெர்னடெட்டுக்குப் பக்கத்தில், சட்டத்துக்கு விரோதமாக ஒட்டிக்கொண்டு இருந்தார். எட்டு மணிக்குக் கல்வி அலுவலக வாசலில் இறங்கினார்கள்.

கேற்றில் ஓர் அறிவித்தல் ஒட்டப்பட்டிருந்தது. நேர்முகத் தேர்வு அடுத்த மாதம் ஐந்தாம் திகதிக்கு ஒத்திவைக்கப்பட்டிருந்தது.